ஆன்ஃபீல்டு: தெருக்களுக்கு நடுவே வளர்ந்த மைதானம்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், மெர்சி ஆற்றுத் துறைமுகத்திலிருந்து மேடேறிச் செல்லும் வடபகுதியில் ஆன்ஃபீல்டு கால்பந்து மைதானம் இருக்கிறது. 1884 முதல் இன்றுவரை அது இடம் மாறவில்லை. ஆடுகளத்தின் நீளவாட்டில் ஒரு பக்கம் முதன்மை மாடமும் எதிர்ப்பக்கம் கென்னி டல்கிளிஷ் மாடமும் நிற்கின்றன. கோல் கம்பங்களுக்குப் பின்னால் ஒரு முனையில் கோப் மாடமும் மறுமுனையில் ஆன்ஃபீல்டு ரோடு மாடமும் உள்ளன. இந்த நான்கு பக்கங்களையும் நெருக்கியபடி தொழிலாளர் குடும்பங்களுக்காக விக்டோரியா காலத்தில் எழுந்த ஒட்டுச்சுவர் வீட்டு வரிசைகள் இருந்தன. அவற்றில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. மைதானத்தை ஓரடி அகலப்படுத்த வேண்டுமானாலும் அந்தத் தெருக்களிடமிருந்துதான் இடம் வர வேண்டும். ஆன்ஃபீல்டு விரிந்த வரலாறும் அதைச் சுற்றிய குடியிருப்பின் வரலாறும் பிரியாமல் கிடப்பதற்கு இதுவே காரணம்.

1952-இல் இங்கே ஒரே ஆட்டத்தைப் பார்க்க 61,905 பேர் கூடினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நின்றுகொண்டுதான் பார்த்தார்கள். 2024-இல் கட்டுமானப் பணிகள் முடிந்தபோது மைதானத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 61,000. இப்போது அத்தனை பேருக்கும் இருக்கை உண்டு. ஏறக்குறைய அதே எண்ணிக்கைக்குத் திரும்ப 70 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் ஒரு பேரழிவும், ஒரு சட்டமும், கைவிடப்பட்ட ஒரு புதிய அரங்கத் திட்டமும், இடிக்கப்பட்ட பல வீடுகளும் இருக்கின்றன.

எவர்ட்டன் விட்டுச்சென்ற இடம்

ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியது லிவர்பூல் கழகம் அல்ல, எவர்ட்டன். செயின்ட் டொமிங்கோ தேவாலயத்தைச் சேர்ந்த இளைஞர்கள் 1878-இல் தொடங்கிய அணி மறு ஆண்டே எவர்ட்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. முதலில் ஸ்டான்லி பூங்காவின் திறந்தவெளியிலும், பிறகு பிரியரி ரோட்டிலும் அந்த அணி ஆடிவந்தது. ஆட்ட நாட்களின் கூட்டமும் இரைச்சலும் அங்கே தொல்லையானபோது புதிய இடம் தேடவேண்டி வந்தது. கழகத்தின் முக்கியப் புள்ளியும் பீர் ஆலை அதிபருமான ஜான் ஹோல்டிங், தம் நண்பர் ஜான் ஓரெல்லுக்குச் சொந்தமான ஒரு நிலத்தைச் சிறு வாடகைக்குப் பேசி முடித்தார். 1884 செப்டம்பர் 28 அன்று அங்கே நடந்த முதல் ஆட்டத்தில் எவர்ட்டன் 5-0 என்று எர்ல்ஸ்டவுனை வென்றது.

1888-இல் உலகின் முதல் கால்பந்து லீக் இங்கிலாந்தில் தொடங்கியபோது அதன் 12 நிறுவன உறுப்பினர்களில் எவர்ட்டனும் ஒன்று. வழக்கமாக 8,000 பேருக்கு மேல் கூடிய மைதானம், கூட்டம் பெருகும் நாட்களில் 20,000 பேர் வரை ஏற்றுக்கொண்டது. 1889-இல் இங்கிலாந்து, அயர்லாந்து அணிகளின் ஆட்டமும் இங்கே நடந்தது. 1890-91 பருவத்தில் எவர்ட்டன் லீக் பட்டத்தை வென்றது.

வெற்றியோடு தகராறும் வந்தது. வாடகை, நிலத்தை விலைக்கு வாங்குவது, கழகத்தை யார் எப்படி நடத்துவது என்ற கேள்விகளில் ஹோல்டிங்கும் நிர்வாகக் குழுவும் மோதிக்கொண்டார்கள். 1892-இல் எவர்ட்டன் வெளியேறி, ஸ்டான்லி பூங்காவின் மறுபுறம் குடிசன் பார்க் என்ற புதிய மைதானத்தை அமைத்துக்கொண்டது. ஹோல்டிங்கின் கையில் மைதானம் இருந்தது; ஆட அணி இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப அவர் தொடங்கியதே லிவர்பூல் கால்பந்துக் கழகம். 1892 செப்டம்பர் 1 அன்று புதிய அணி ராதர்ஹாம் டவுனை 7-1 என்று வென்றது. மைதானத்துக்காகவே கழகம் பிறந்தது என்பதால், இரண்டையும் பிரிக்கும் பேச்சு பின்னாளில் எழுந்தபோதெல்லாம் ரசிகர்களின் மனம் கனத்தது.

மண்மேடும் பாய்மரமும்

தொடக்ககால மாடங்கள் மரத்தாலும் நெளித்தகட்டாலும் ஆனவை. 1895-இல் இன்றைய முதன்மை மாடத்தின் இடத்தில் 3,000 பேருக்கான மாடம் எழுந்தது. 1903-இல் ஆன்ஃபீல்டு ரோடு முனையில் மரமும் தகடும் சேர்ந்த மற்றொரு மாடம் வந்தது. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஆர்ச்சிபால்ட் லீட்ச் அன்று பிரிட்டனின் பல மைதானங்களை வடிவமைத்தவர். சிவப்பும் வெள்ளையுமான முக்கோண முகப்பு கொண்ட ஆன்ஃபீல்டின் பழைய முதன்மை மாடம் அவருடைய படைப்பு.

1906-இல் லிவர்பூல் இரண்டாம் முறையாக லீக் பட்டம் வென்றபின், வால்ட்டன் பிரெக் ரோட்டை ஒட்டிய முனையில் மண்ணைக் கொட்டி உயர்த்தி, நின்று பார்க்கும் படிகள் அமைக்கப்பட்டன. உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் அதற்கு ஸ்பியான் கோப் என்று பெயர் வைத்தார். அது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள ஒரு குன்றின் பெயர். 1900 ஜனவரியில் போயர்களோடு நடந்த போரில் அந்தக் குன்றின் உச்சியில் 300-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் லிவர்பூலும் அடங்கிய லங்காஷயர் வட்டாரத்துப் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். அதே போர்க்களத்தில் காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் உண்டு. அந்தப் படையில் பெரும்பகுதி, நேட்டால் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்கள். ஆங்கிலேய மைதானங்கள் பலவற்றில் கோப் என்ற பெயர் கொண்ட மேடுகள் இருந்தாலும், லிவர்பூலின் கோப் போல வேறெதுவும் புகழ் பெறவில்லை.

1928-இல் இந்த மேடு விரிவுபடுத்தப்பட்டு, மேலே பெருங்கூரை போடப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் நிற்கக்கூடிய இடமாக அது ஆனது. அன்று நாட்டில் பல கழகங்களின் முழு மைதானமே அவ்வளவு பேரைக் கொள்ளாது. கோப்பின் ஓரத்தில் கொடிமரமாக நிற்பது, பொறியாளர் புரூனல் கட்டிய கிரேட் ஈஸ்டர்ன் என்ற மாபெரும் இரும்புக் கப்பலின் பாய்மரத் துண்டு. அந்தக் கப்பல் மெர்சிக் கரையின் ராக் ஃபெரியில் உடைக்கப்பட்டபோது மீட்கப்பட்ட மரத்தைக் குதிரைகள் பூட்டி எவர்ட்டன் பள்ளத்தாக்கின் ஏற்றத்தில் இழுத்துவந்து நட்டார்கள். நான்கு மாடங்களும் உருமாறிவிட்ட மைதானத்தில் அந்தக் கொடிமரம் மட்டும் இன்றும் நிற்கிறது.

கூரை வந்ததும் கோப்பின் குரல் பெருகியது. 1960-களில் ரசிகர்கள் அங்கே ஒன்றுகூடிப் பாடும் வழக்கம் வேரூன்றியது. 1963-இல் லிவர்பூல் இசைக்குழுவான ஜெரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் வெளியிட்ட ஒரு பாடலைக் கூட்டம் தன்னுடையதாக்கிக்கொண்டது. இன்றும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் அது ஒலிக்கிறது. தோளோடு தோள் நெருங்கி, கோல் விழும்போது அலையாகச் சரிந்து எழுந்த அந்தக் கூட்டத்தின் உற்சாகம் உண்மையானது. அந்த நெரிசலில் இருந்த ஆபத்தும் உண்மையானது.

கான்கிரீட்டும் மின்விளக்கும்

1952 பிப்ரவரி 2 அன்று வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் அணியோடு நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்குத்தான் அந்த 61,905 பேர் வந்தார்கள். ஆன்ஃபீல்டின் வரலாற்றிலேயே பெரிய கூட்டம் அது. ஆனால் அடுத்த ஆண்டுகளில் மைதானத்துக்கு வயதாகிவிட்டது வெளிப்படையாகத் தெரிந்தது. 1954-இல் லிவர்பூல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1959 டிசம்பரில் பில் ஷாங்க்லி மேலாளராக வந்தபோது மைதானமும் பயிற்சிக்களமும் ஒரு பெரிய கழகத்துக்கு ஏற்ற நிலையில் இல்லை.

மாற்றம் படிப்படியாக வந்தது. 1957 அக்டோபர் 30 அன்று, எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் முதன்முதலாக மின்விளக்குக் கோபுரங்கள் எரிந்தன. அவற்றுக்கு 12,000 பவுண்டு செலவானது. வாரநாட்களில் இரவு ஆட்டம் நடத்த அவை வழி திறந்தன. பின்னாளில் ஆன்ஃபீல்டின் பெயரை நிலைநாட்டிய ஐரோப்பியக் கோப்பை இரவுகள் அந்த விளக்குகள் இல்லாமல் நடந்திருக்க முடியாது. 1963-இல், முதன்மை மாடத்துக்கு எதிரே, கெம்லின் ரோடு பக்கம் இருந்த பழைய மாடம் இடிக்கப்பட்டு, 3,50,000 பவுண்டு செலவில் 6,700 இருக்கைகளுடன் புதியது எழுந்தது. அதன் கூரை பின்புறச் சட்டங்களில் ஊன்றி முன்னே நீண்டது. பார்வையை மறைக்கும் தூண் முன்வரிசையில் இல்லை. 1965-இல் ஆன்ஃபீல்டு ரோடு முனை கூரையிட்ட நிற்குமிடமாக மாற்றி அமைக்கப்பட்டது. 1973 மார்ச் 10 அன்று கென்ட் கோமகன் புதிய முதன்மை மாடத்தைத் திறந்துவைத்தார். கோபுர விளக்குகள் அகற்றப்பட்டு, மாடங்களின் கூரை விளிம்பிலேயே விளக்குகள் வரிசையாகப் பொருத்தப்பட்டன.

இந்தப் பணிகளுக்குப் பின்னால் பாதுகாப்பு பற்றிய கவலையும் வளர்ந்துவந்தது. 1971 ஜனவரியில் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக வந்த 1975-ஆம் ஆண்டுச் சட்டம், பெரிய மைதானங்கள் உள்ளாட்சியிடம் பாதுகாப்புச் சான்றிதழ் பெறவேண்டும் என்றது. 1985 மே மாதம் பிராட்ஃபோர்டில் பழைய மர மாடம் தீப்பிடித்து 56 பேர் மாண்டார்கள். 1980-களில் ஆன்ஃபீல்டில் முதன்மை மாடத்தின் முன்பகுதியும் ஆன்ஃபீல்டு ரோடு முனையும் இருக்கைகளாக மாறின. கோப் மட்டும் நிற்குமிடமாகவே நீடித்தது. 1981-இல் காலமான ஷாங்க்லியின் நினைவாக 1982 ஆகஸ்டில் எழுப்பப்பட்ட வாயிலை அவருடைய மனைவி நெஸ்ஸி திறந்துவைத்தார்.

ஹில்ஸ்பரோவுக்குப் பின்

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மோதின. வேலியிட்டு அடைக்கப்பட்ட நிற்குமிடத்துக்குள் அளவுக்கு மீறிய கூட்டம் திருப்பிவிடப்பட்டது. நெரிசலில் சிக்கிய 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அன்று படுகாயமுற்ற ஒருவர் 2021-இல் இறந்ததோடு அந்த எண்ணிக்கை 97 ஆனது. பழியை ரசிகர்கள் மீதே சுமத்தும் முயற்சி ஆண்டுக்கணக்கில் நடந்தது. குடும்பங்கள் விடாமல் போராடின. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல என்றும் 2016-இல் விசாரணை நடுவர் குழு தீர்ப்பளித்தது. பேரழிவுக்கு அடுத்த நாட்களில் ஆன்ஃபீல்டு அஞ்சலி செலுத்தும் இடமாக மாறியது. மக்கள் வரிசையில் நின்று வந்து வைத்த பூக்கள் கோப் முனையிலிருந்து ஆடுகளத்தின் பாதிவரை பரவின.

நீதிபதி டெய்லர் தலைமையிலான விசாரணையின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வெளிவந்தது. மேல்மட்டக் கழகங்களின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. நின்று பார்க்க வந்தவர்களை நம்பி நூறாண்டு வளர்ந்த மைதானங்களுக்கு இது அடித்தளத்தையே மாற்றும் கட்டளை. உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நிற்பவரைவிடக் கூடுதல் இடம் தேவை. எனவே இருக்கை போட்டால் கூட்டம் குறையும். கூட்டம் குறையக்கூடாதென்றால் மாடம் மேலேயோ பின்னேயோ வளர வேண்டும்.

கெம்லின் ரோடு பக்கத்தில் பின்னே வளரும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 1970-களிலும் 80-களிலும் கழகம் அந்தத் தெருவின் வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிவந்தது. இரண்டு சகோதரிகள் மட்டும் தங்கள் வீட்டை விற்க மறுத்துவிட்டார்கள். ஐரோப்பியக் கோப்பையை நான்கு முறை வென்ற கழகத்தின் திட்டம் அந்த ஒரு வீட்டுக்காகக் காத்துக்கிடந்தது. 1990-இல் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே வேலை நகர்ந்தது. பழைய மாடத்துக்கு மேலே இரண்டாம் அடுக்கும், நிறுவனங்களுக்கான தனியறைகளும் சேர்ந்தன. அந்தப் பக்கத்தில் மட்டும் 11,000 பேருக்கு இருக்கை கிடைத்தது. கழகத்தின் நூற்றாண்டான 1992 செப்டம்பர் 1 அன்று ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் லெனார்ட் யோஹான்சன் அதைத் திறந்துவைத்தார். அதற்கு நூற்றாண்டு மாடம் என்று பெயர் சூட்டினார்கள். 2017-இல் அது கென்னி டல்கிளிஷ் மாடம் ஆனது.

1994 ஏப்ரல் 30 அன்று நார்விச் சிட்டிக்கு எதிரான ஆட்டமே நிற்கும் கோப்பின் கடைசி ஆட்டம். லிவர்பூல் 1-0 என்று தோற்றது. அன்று வந்தவர்கள் விடைபெறத்தான் வந்திருந்தார்கள். பிறகு மேடு முழுவதும் இடிக்கப்பட்டு, ஒரே அடுக்காக 12,390 இருக்கைகளுடன் புதிய கோப் எழுந்தது. ஒருகாலத்தில் நின்ற கூட்டத்தில் பாதிக்கும் குறைவான இடமே அது. 1998-இல் ஆன்ஃபீல்டு ரோடு முனைக்கு இரண்டாம் அடுக்கு கிடைத்தது. மறு ஆண்டே அந்த மேலடுக்கின் உறுதிக்காகக் கீழிருந்து கூடுதல் முட்டுத்தூண்கள் கொடுக்கவேண்டியிருந்தது. இத்தனை பணிக்குப் பிறகும் மைதானத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 45,000-தான்.

போவதா, இருப்பதா

1992-இல் பிரீமியர் லீக் தொடங்கியபின் தொலைக்காட்சிப் பணமும் டிக்கெட் வருமானமும் கால்பந்தின் கணக்கையே மாற்றின. மான்செஸ்டர் யுனைடெட் தன் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தைப் பலமுறை விரித்து, 2006-இல் 76,000 பேர் அமரும் அளவுக்குக் கொண்டுவந்தது. ஆர்சனல் அதே ஆண்டு ஹைபரியை விட்டு 60,000 இருக்கை கொண்ட புதிய அரங்கத்துக்குப் போனது. 45,000 இருக்கையோடு நின்ற லிவர்பூல் ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்திலும் போட்டியாளர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தது. இருக்கைக்காகக் காத்திருந்தோர் பட்டியலோ நீண்டுகொண்டே போனது.

2002-இல் கழகம் ஸ்டான்லி பூங்காவில் புதிய அரங்கம் கட்டும் திட்டத்தை அறிவித்தது. பின்னர் நகராட்சியும் அதற்கு அனுமதி தந்தது. 2007 பிப்ரவரியில் அமெரிக்க முதலாளிகளான டாம் ஹிக்ஸும் ஜார்ஜ் ஜில்லெட்டும் கழகத்தை வாங்கினார்கள். 60 நாட்களில் வேலை தொடங்கும் என்ற உறுதிமொழி அப்போது வெளிவந்தது. புதிய வரைபடங்கள் வந்தன. 2008-இன் நிதி நெருக்கடியும் வந்தது. கழகத்தின் மீது ஏற்றப்பட்ட கடன் மட்டும் வளர, பூங்காவில் ஒரு செங்கல்லும் எழவில்லை.

இந்தத் தள்ளாட்டத்தின் விலையை மைதானத்தைச் சுற்றியிருந்தவர்கள் கொடுத்தார்கள். முதன்மை மாடத்தின் பின்புறமுள்ள லோதேர் ரோடு போன்ற தெருக்களில் கழகம் 1990-களிலிருந்து வாங்கிய வீடுகள் பல ஆளின்றிப் பூட்டப்பட்டு, ஜன்னல்களில் தகடு அடித்துக் கிடந்தன. கழகம் போகுமா இருக்குமா என்று தெரியாத நிலையில் அந்த வட்டாரத்தில் வீடு வாங்கவும் புதுப்பிக்கவும் ஆட்கள் தயங்கினார்கள். எஞ்சிய வீடுகளின் மதிப்பு விழுந்தது. பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து வீட்டுக் கடனை அடைத்தவர்கள், தங்கள் தெரு கண்முன்னே வெறுமையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆன்ஃபீல்டின் நவீனமயத்தைப் பற்றி எழுதும்போது இதை ஓரத்துக்குத் தள்ளிவிட முடியாது. அரங்கம் எழுந்த இடத்தில் முன்பு மனிதர்களின் வாசல்கள் இருந்தன.

2010 அக்டோபரில் ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குழுமம் 30 கோடி பவுண்டுக்குக் கழகத்தை வாங்கியது. பாஸ்டன் நகரில் 1912-இல் கட்டப்பட்ட ஃபென்வே பார்க் பேஸ்பால் அரங்கத்தை இடிக்காமல் புதுப்பித்துக் காட்டிய அனுபவம் அந்தக் குழுமத்துக்கு இருந்தது. இரண்டாண்டு ஆய்வுக்குப் பின், 2012 அக்டோபரில் ஆன்ஃபீல்டிலேயே தங்கி அதை விரிவாக்குவது என்று முடிவானது. நகராட்சியும் ஒரு வீட்டுவசதி அமைப்பும் சேர்ந்து சுற்றுப்புறத்தைப் புதுப்பிக்கும் திட்டமும் அதோடு இணைந்தது. மீதமிருந்த வீட்டுக்காரர்களோடு பேச்சு நடந்தது. தேவையானால் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரமும் நகராட்சியின் கையில் இருந்தது. வீடுகள் வாங்கப்பட்டு இடிக்கப்பட்டன. 2014 செப்டம்பரில் கட்டட அனுமதி கிடைத்தது. அந்த டிசம்பரில் வேலை தொடங்கியது.

ஆட்டம் நிற்காமல் எழுந்த மாடம்

முதன்மை மாடம் கட்டப்பட்ட முறை நெருங்கிப் பார்க்கத் தக்கது. கழகத்துக்கு ஆட வேறு இடமில்லை. இருக்கும் மாடத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டினால் இரண்டு பருவங்களின் வருமானம் போய்விடும். ஆகவே பழைய மாடத்தின் முதுகுக்குப் பின்னால், வீடுகள் இருந்த நிலத்தில், புதிய மாடத்தின் எஃகுச் சட்டகம் முதலில் எழுந்தது. 2015-16 பருவம் முழுவதும் பழைய மாடத்தில் ரசிகர்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க, அவர்கள் தலைக்குப் பின்னே கிரேன்கள் நின்றன. கூரையைத் தாங்கும் நீண்ட எஃகு உத்திரம் தரையிலேயே இணைக்கப்பட்டு, பழைய கூரைக்கும் மேலே தூக்கி வைக்கப்பட்டது. முழு எடையும் அந்த உத்திரத்தின் வழியே இறங்குவதால், பார்வையாளர்களின் முன்னே தூண் தேவைப்படவில்லை.

பருவம் முடிந்ததும் பழைய கூரை பிரிக்கப்பட்டது. கீழ் அடுக்கைத் திருத்தி, புதிய மேல் அடுக்குகளோடு இணைக்கும் வேலை அந்த ஒரு கோடைக்குள் முடியவேண்டியிருந்தது. அதற்கு வழிவிட்டு, 2016-17 லீக்கின் முதல் மூன்று ஆட்டங்களையும் லிவர்பூல் வெளியூர்களில் ஆடியது. செப்டம்பர் 10 அன்று லெஸ்டர் சிட்டியை 4-1 என்று வென்ற ஆட்டத்தோடு புதிய மாடம் பயனுக்கு வந்தது. ஏறத்தாழ 8,500 இருக்கைகள் கூடி, மைதானத்தின் கொள்ளளவு 54,000-ஐத் தாண்டியது. செலவு 11 கோடி பவுண்டுக்கு மேல். உடைமாற்றும் அறைகள் புதிதாகப் பெரிதாக அமைந்தன. ஆடுகளத்துக்கு இறங்கும் வழியில், வந்திருப்பது ஆன்ஃபீல்டு என்று எதிரணிக்கு உணர்த்த ஷாங்க்லி காலத்தில் மாட்டிய பலகை தன் பணியைத் தொடர்ந்தது. ஹில்ஸ்பரோ நினைவிடம் முதன்மை மாடத்தின் முகப்பில் புதிதாக அமைக்கப்பட்டது.

மாடம் எழுந்துகொண்டிருந்தபோதே அதில் யார் உட்காரப்போகிறார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. புதிய மாடத்தில் சில டிக்கெட்டுகளின் விலை 77 பவுண்டு என்று கழகம் அறிவித்தது. 2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்தில் 77-ஆவது நிமிடம் வந்ததும் ஏறத்தாழ 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என்று முன்னிலையில் இருந்த லிவர்பூல், ஆட்டத்தை 2-2 என்று முடித்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைத் திரும்பப் பெற்றார்கள். அதிக விலைக்கு விற்கும் விருந்தோம்பல் இருக்கைகளே விரிவாக்கத்துக்கான கடனை அடைக்கின்றன. ஆனால் மைதானத்துக்கு அதன் குரலைக் கொடுப்பவர்கள் சாதாரண டிக்கெட்டில் வருபவர்கள். அந்த வெளிநடப்பு இதைக் கழகத்துக்கு நேராகவே சொன்னது.

கடைசி முனை

அடுத்தது ஆன்ஃபீல்டு ரோடு மாடம். 2021 ஜூனில் அனுமதி கிடைத்து, செப்டம்பர் இறுதியில் மேலாளர் யூர்கன் குளோப் முதல் மண்வெட்டியைப் போட்டார். பழைய கீழடுக்கு அப்படியே இருக்க, அதற்கு மேலும் பின்னும் புதிய மேலடுக்கு எழவேண்டும். அதற்கு இடம் போதாததால், மாடத்துக்குப் பெயர் தந்த ஆன்ஃபீல்டு ரோடு சாலையே சற்று விலகி வளைந்து போகுமாறு மாற்றப்பட்டது. திட்டமிட்ட செலவு 8 கோடி பவுண்டு. கூடும் இருக்கைகள் ஏறத்தாழ 7,000. வேலை நடக்கும்போதும் கீழடுக்கில் ரசிகர்கள் உட்கார்ந்தார்கள்.

கட்டுமான ஒப்பந்தம் பெற்றிருந்த பக்கிங்ஹாம் நிறுவனம் 2023 ஆகஸ்டில் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. புதிய பருவம் தொடங்கியபோது மேலடுக்கு முடியாமல் வெறுமையாக நின்றது. வேறொரு நிறுவனத்தைக் கொண்டு வேலை தொடர்ந்தது. டிசம்பர் 17 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தில் மேலடுக்கின் ஒரு பகுதி திறக்கப்பட, 57,158 பேர் வந்தார்கள். 2024 பிப்ரவரி 10 அன்று பர்ன்லிக்கு எதிராக 59,896 பேர் கூடினார்கள். 1949-இல் செல்சிக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்த 58,757 பேரே அதுவரை ஆன்ஃபீல்டின் பெரிய லீக் கூட்டமாக இருந்தது.

நிற்கும் உரிமையும் ஓரளவு திரும்பியது. ஒவ்வோர் இருக்கை வரிசைக்கும் இடுப்பளவு கம்பி பொருத்தி, எழுந்து நிற்பவர்கள் முன்னே சரிந்துவிடாமல் தடுக்கும் முறை 2021-இல் கோப்பின் ஒரு பகுதியிலும் ஆன்ஃபீல்டு ரோடு கீழடுக்கிலும் வந்தது. அங்கே ஒருவருக்கு ஓர் இருக்கை என்ற கணக்கு மாறாது. எனவே பழைய நெரிசல் திரும்ப வாய்ப்பில்லை. உறவுகளை ஹில்ஸ்பரோவில் இழந்த குடும்பங்கள் வாழும் நகரில் இது நீண்ட கலந்தாலோசனைக்குப் பிறகே நடந்தது.

இரண்டு கழகங்கள், இரண்டு வழிகள்

1892-இல் பிரிந்த இரு கழகங்களும் ஒரே கேள்விக்கு இறுதியில் வெவ்வேறு விடை கண்டன. குடிசன் பார்க்கும் ஆன்ஃபீல்டைப் போலவே வீடுகளும் தேவாலயமும் நெருக்கிய மைதானம். அங்கே விரிவாக்க வழியில்லை என்று முடிவெடுத்த எவர்ட்டன், 2025 மே 18 அன்று ஆண்கள் அணியின் கடைசி ஆட்டத்தை அங்கே ஆடிவிட்டு, மெர்சிக் கரையின் பிராம்லி-மூர் துறையில் கட்டிய புதிய அரங்கத்துக்குப் போனது. அங்கே 52,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள் உண்டு. எங்கிருந்து பார்த்தாலும் ஆடுகளம் மறையாது. ஆனால் அதற்காக விக்டோரியா காலத்துக் கப்பல்துறை மண்ணிட்டு நிரப்பப்பட்டது. 2021-இல் யுனெஸ்கோ லிவர்பூலை உலக மரபிடப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, கரையோரத்தில் எழுந்த புதிய கட்டடங்களோடு இந்த அரங்கத் திட்டமும் காரணமாகச் சுட்டப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக ஆட்ட நாள் வியாபாரத்தை நம்பியிருந்த குடிசன் பகுதிக் கடைகளும் மதுக்கூடங்களும் புதிய வழி தேடவேண்டி வந்தது. பெண்கள் அணி அங்கே ஆடத் தொடங்கியதால் மைதானம் இடிபடாமல் தப்பியது.

போவதற்கும் விலை உண்டு, இருப்பதற்கும் விலை உண்டு என்பதையே இந்த நகரம் காட்டுகிறது. ஆன்ஃபீல்டில் கழகம் தன் பாடலையும், கொடிமரத்தையும், கோப் முனையையும், ஆட்ட நாளில் அந்தத் தெருக்களில் நடந்துவரும் வழக்கத்தையும் காப்பாற்றிக்கொண்டது. அதற்கான நிலம் கெம்லின் ரோட்டிலிருந்தும் லோதேர் ரோட்டிலிருந்தும் வந்தது. வரலாற்று மைதானம் ஒன்றைப் புதுப்பிக்க முனையும் எந்த ஊரும் இதிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். போவதா இருப்பதா என்ற முடிவை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் அந்தச் சுமை முதலில் அக்கம்பக்கத்தார் மீதுதான் விழும்; ஆகவே முடிவு விரைவாகவும் வெளிப்படையாகவும் இருக்கவேண்டும். வீட்டை விடுபவர்களுக்கும் குறைந்த விலையில் டிக்கெட் வாங்குபவர்களுக்கும் திட்டத்தின் தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கவேண்டும். எஃகும் கான்கிரீட்டும் இருக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டும். தலைமுறைகளாக அந்த மைதானத்தைத் தாங்கிவரும் மக்களையும் கணக்கில் சேர்த்தால்தான் விரிவாக்கம் முழுமை பெறும்.